சத்தம் கூடினால் பவுண்டரி: டொனி கிரெய்கும் எங்கள் ஊரும்

பேராதனையில் மழை பிடித்தால் லேசில் விடாது. அப்படி ஒரு பின்னேரம் கலைப்பீடக் கென்டீனில் ஒதுங்கி இருந்தபோது, எங்களில் ஒருவன் போனில் பழைய கிரிக்கெட் வீடியோ ஒன்றைப் போட்டான். 1998 ஏப்ரல், ஷார்ஜா. அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெண்டுல்கர் அடிக்கிறார். 22ஆம் திகதி 143, இரண்டு நாள் கழித்துத் தன் 25ஆவது பிறந்த நாளில் 134. நாங்கள் பிறந்ததே அதற்குப் பிறகுதான். முடிவு என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பிளேன்ரீ ஆறுகிற வரைக்கும் யாரும் கண்ணை எடுக்கவில்லை. காரணம் டெண்டுல்கர் மட்டும் இல்லை. பின்னால் ஒரு மனுசன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார்.

"யார்ரா இந்த ஆளு? இந்தியாக்காரனா?"

இல்லை. இந்தியர் இல்லை. அன்றைக்கு ஆடிய மற்ற அணியின் நாட்டில் குடியிருந்தவர். அந்த நாட்டில் பிறந்தவரும் இல்லை. பிறந்தது தென்னாபிரிக்காவில், தலைவராக இருந்தது இங்கிலாந்து அணிக்கு, சம்பளம் வாங்கியது சிட்னியில். கடைசிக் காலத்தில் தன் மனசு இலங்கைப் பக்கம் என்பதை அவர் மறைத்ததே இல்லை. பெயர் டொனி கிரெய்க்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது. கண்டியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஒரு வெள்ளைக்கார டிவி வர்ணனையாளரைப் பற்றி எதற்கு எழுதவேண்டும் என்று எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை வந்தது. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கிரெய்க் 1946 அக்டோபர் 6ஆம் திகதி தென்னாபிரிக்காவின் குவீன்ஸ்டவுனில் பிறந்தார். அப்பா ஸ்கொட்லாந்துக்காரர், இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். அந்த ஸ்கொட்லாந்து இரத்தத்தால்தான் மகனுக்கு இங்கிலாந்துக் கதவு திறந்தது. 1967இல் சசெக்ஸ் அணிக்காக லங்காஷயருக்கு எதிராக 156 அடித்துக் கவனத்துக்கு வந்தார். 1972இல் இங்கிலாந்துக்கு டெஸ்ட் விளையாட ஆரம்பித்தார். ஆறடி ஆறங்குலம் உயரம். இளமையிலிருந்தே வலிப்பு நோய் இருந்தது, அதை வைத்துக்கொண்டே ஆடினார். மொத்தம் 58 டெஸ்ட், 3599 ஓட்டங்கள், 141 விக்கெட்டுகள். துடுப்பாட்டச் சராசரி 40ஐத் தாண்டும். சகலதுறை ஆட்டக்காரர் ஒருவருக்கு இது சாதாரண கணக்கு இல்லை.

இதில் எங்களுக்குப் பிடித்த ஒரு துண்டு 1974இல் இருக்கிறது. மித வேகப்பந்து போடுகிற கிரெய்க், மேற்கிந்தியத் தீவுகள் சுற்றுப்பயணத்தின்போது ஓஃப் ஸ்பின்னுக்கு மாறினார். போர்ட் ஒஃப் ஸ்பெயினில் நடந்த கடைசி டெஸ்டில் அதை வைத்தே 13 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 26 ஓட்டங்களால் வென்று தொடரைச் சமப்படுத்தியது. வேகத்தை விட்டுச் சுழலுக்கு மாறிய இன்னொருவரை எங்களுக்குத் தெரியும். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில், பதினான்கு வயதில். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

முதலில் 1976.

அந்த வருடம் ஜூனில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கிலாந்துக்கு வந்திருந்தது. தொடருக்கு முன்னால் பிபிசி பேட்டியில் அணித்தலைவர் கிரெய்க் சொன்னார், இவர்களை நான் 'க்ரொவல்' பண்ண வைப்பேன் என்று. அந்தச் சொல்லைத் தமிழில் ஒரே வார்த்தையில் சொல்வது கஷ்டம். காலில் விழுந்து, தரையில் ஊர்ந்து, கும்பிட்டுக் கெஞ்சுவது. எங்கள் தாத்தாமார் துரை பங்களா வாசலில் எப்படி நிற்கவேண்டியிருந்தது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அகராதி தேவைப்படாது. சொன்னது யார் என்று பாருங்கள். நிறவெறிச் சட்டங்கள் உள்ள தென்னாபிரிக்காவில் பிறந்த வெள்ளைக்காரர். யாரைப் பார்த்து? அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து. எப்போது? அதே ஜூன் மாதம் 16ஆம் திகதிதான் சொவெட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மீது பொலிஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது.

பதில் மைதானத்தில் வந்தது. விவியன் ரிச்சர்ட்ஸ் நான்கு டெஸ்டில் 829 ஓட்டங்கள். ஓவல் மைதானத்தில் மைக்கல் ஹோல்டிங் 14 விக்கெட், கிரெய்கை இரண்டு இன்னிங்ஸிலும் ஸ்டம்பைப் பறக்கவிட்டு வெளியேற்றினார். தொடர் 3-0. அந்த ஓவல் டெஸ்டில் மேற்கிந்திய ரசிகர்கள் இருந்த பக்கத்துக்கு முன்னால் கிரெய்க் கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி ஊர்ந்து காட்டினார். சனம் சிரித்தது. பின்னாளில் அந்த வார்த்தைக்காக வருத்தமும் தெரிவித்தார். எங்களில் சிலர் அந்த ஊர்தலைப் பெரிய மனசு என்கிறார்கள். மற்றவர்கள், காயத்தை ஜோக்காக மாற்றுவதும் ஒரு வசதிதான், எல்லாருக்கும் அது கிடைக்காது என்கிறார்கள். நாங்கள் இரண்டையும் எழுதிவைக்கிறோம்.

அதே குளிர்காலத்தில் அவர் இந்தியாவுக்கு வந்து தொடரை 3-1 என்று வென்றார். கல்கத்தாவில் காய்ச்சலோடு நின்று சதம் அடித்தார். மூன்றாவது வெற்றி சென்னைச் சேப்பாக்கத்தில். வேகப்பந்து வீச்சாளர் ஜோன் லீவர் நெற்றியில் கட்டியிருந்த வாஸ்லின் துணிப்பட்டையால் வந்த சர்ச்சையும் அதே டெஸ்டில்தான். ஆட்டத்தின் நடுவில் இந்திய ரசிகர்களைப் பார்த்துக் கும்பிடுவது, கூத்துக் காட்டுவது, சிரிக்க வைப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. கூட்டத்தோடு பேசத் தெரிந்த ஆள். பின்னால் வரப்போகிற வேலைக்கான பயிற்சி என்றே அதை எடுத்துக்கொள்ளலாம்.

1977 மார்ச்சில் மெல்பர்னில் நூற்றாண்டு டெஸ்ட் நடந்தது. அந்த நேரத்திலேயே சேனல் நைன் முதலாளி கெரி பக்கரோடு கிரெய்க் கைகுலுக்கிவிட்டார். பக்கருக்கு வேண்டியது அவுஸ்திரேலிய டெஸ்ட் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமை. கூடுதல் காசு தருவதாகச் சொல்லியும் கிரிக்கெட் சபை அரசு ஒளிபரப்பு நிறுவனத்துக்கே கொடுத்தது. சரி, போட்டியைத் தரமாட்டீர்கள் என்றால் ஆட்டக்காரர்களையே வாங்குகிறேன் என்று பக்கர் கிளம்பினார். இரகசியமாக ஆள் சேர்த்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் நடப்பு அணித்தலைவர். மே மாதம் விசயம் வெளியே வந்ததும் தலைமை போனது. துரோகி என்று பத்திரிகைகள் எழுதின. தடை விதிக்கப்பார்த்தவர்களை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 1977 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 'கிரெய்க் எதிர் இன்சோல்' என்ற அந்த வழக்கைச் சட்டபீட நண்பர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். கிரிக்கெட்டே பார்க்காத ஒருத்திக்குக் கிரெய்க் என்ற பெயர் அந்த வழக்கால்தான் தெரிந்திருந்தது.

அன்றைய ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த சம்பளம் சொற்பம். கிரெய்க் பக்கரிடம் தனக்குக் கேட்டது ஆயுள் முழுக்க ஒரு வேலை. அது கிடைத்தது. கலர் உடுப்பு, வெள்ளைப் பந்து, இரவு விளக்கு, மைதானத்தின் இரண்டு முனையிலும் கமெரா எல்லாம் பக்கரின் அந்த இரண்டு வருடக் கலகத்தில் வளர்ந்தவை. 1978 நவம்பர் 28ஆம் திகதி சிட்னி மைதானத்தில் முதன்முதலாக விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடந்தபோது, வந்த கூட்டத்தைத் தாங்காமல் கதவுகளைத் திறந்துவிடச் சொன்னாராம் பக்கர். சமாதானம் ஆனதும் சேனல் நைனின் வர்ணனைப் பெட்டியில் உட்கார்ந்த கிரெய்க் முப்பத்துமூன்று வருடம் அங்கேயே இருந்தார். பக்கத்தில் ரிச்சி பெனோ, பில் லோறி, இயன் சப்பல்.

வர்ணனை என்பதில் இரண்டு பள்ளி உண்டு. ரேடியோக்காரர் எல்லாவற்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கேட்கிறவருக்குக் கண் இல்லை. டிவிக்காரர் படத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்லக்கூடாது, படத்துக்கு எதையாவது சேர்க்க முடிந்தால் மட்டும் வாய் திறக்கவேண்டும். இது பெனோவின் பள்ளி. அவர் சும்மா இருப்பதற்கே பேர் போனவர். கிரெய்க் நேரெதிர். பந்து மேலே போனால் அவர் குரலும் கூடவே மேலே போகும். லோறியும் அவரும் மாறி மாறிச் சண்டை பிடிப்பது தனிக் கச்சேரி. ஆட்டம் தொடங்குமுன் அகன்ற விளிம்புத் தொப்பியோடு ஆடுகளத்துக்குப் போய், வெடிப்புக்குள் கார்ச் சாவியைச் செருகிக் காட்டுவார். இன்றைக்கு எல்லாச் சேனலிலும் ஆடுகள அறிக்கை என்று ஒன்று வருகிறதே, அதைப் பார்க்கத்தக்க விசயமாக மாற்றியவர்களில் அவர் முக்கியமானவர். அந்தச் சாவியை வைத்து அவுஸ்திரேலியாவில் நகைச்சுவை இசைத்தட்டே போட்டார்கள். நினைவுப்பொருள் விளம்பரங்களையும் அதே உற்சாகத்தோடு வாசித்தார், அது எரிச்சலாகத்தான் இருக்கும். கடைக்காரக் குரலும் ஆட்டத்தின் குரலும் அவருக்கு ஒன்றுதான் போல.

இப்போது எங்கள் பக்கம்.

இலங்கை முதல் டெஸ்ட் ஆடியது 1982 பெப்ரவரி 17. ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது அதே பெப்ரவரி 15. இரண்டு நாள் வித்தியாசம். இந்த நாட்டின் டெஸ்ட் கிரிக்கெட்டும் தேசியத் தொலைக்காட்சியும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். கண்டிக்கு டெஸ்ட் அடுத்த வருடமே வந்தது. 1983 ஏப்ரல், அஸ்கிரிய மைதானம், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக. மூன்று மாதம் கழித்து ஜூலை வந்தது. ஜூலை என்றால் என்ன என்று எங்கள் வீடுகளில் விளக்கம் சொல்லமாட்டார்கள்.

1996 உலகக் கிண்ணம். கொழும்பில் குண்டு வெடித்ததால் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் வரமாட்டோம் என்றன. கென்யா வந்தது. மார்ச் 6ஆம் திகதி அஸ்கிரியவில் இலங்கை 5 விக்கெட்டுக்கு 398 அடித்தது, ஒருநாள் போட்டிகளில் அதுவரை யாரும் எட்டாத மொத்தம். அரவிந்த டி சில்வா 145. பதினொரு நாள் கழித்து லாகூரில் கிண்ணமே கைக்கு வந்தது. அந்த உலகக் கிண்ணத்தின் வர்ணனைக் குழுவில் கிரெய்கும் இருந்தார்.

எங்களில் ஒருத்தியின் தாத்தா அப்போது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். லயத்துக்கு மின்சாரம் இல்லை. கார் பெட்டரியில் ஓடுகிற கறுப்பு வெள்ளை டிவி ஒன்று, அதைச் சுற்றி நாற்பது பேர். அதில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை. பிறகு எப்படி விளங்கியது என்று இவள் கேட்டாளாம்.

"அந்த வெள்ளைக்காரன் என்ன சொல்றான்னு யாருக்குத் தெரியும் புள்ள? சத்தம் கூடுனா பவுண்டரி. ரொம்பக் கூடுனா சிக்ஸ். சத்தம் டக்குன்னு நின்னா நம்ம ஆளு அவுட்டு."

முப்பத்துமூன்று வருட வேலைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எந்தச் சேனலும் கொடுத்திருக்காது என்று நினைக்கிறோம். படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும்போது, பந்து எங்கே போனது என்றே தெரியாதபோது, அந்தக் குரல்தான் பந்து.

களுவிதாரணவை 'லிட்டில் களு' என்று கூப்பிட்டவர் கிரெய்க். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இதிலும் எங்களுக்குள் இரண்டு கட்சி. ஆறடி ஆறங்குல வெள்ளைக்காரர் எங்களைக் குட்டி குட்டி என்று சொல்வது செல்லமா, உயரத்திலிருந்து பார்ப்பதா? 1976இல் ஊர வைப்பேன் என்றவர் இருபது வருடம் கழித்துத் தலையைத் தடவுகிறார், வித்தியாசம் எவ்வளவு தூரம்? ஆனால் அவுஸ்திரேலிய மைதானங்களில் இலங்கை அணி கேலியும் கூச்சலும் வாங்கிக்கொண்டிருந்த அந்த வருடங்களில், அங்கேயே சம்பளம் வாங்கும் ஒருவர் இந்த அணியின் ஆட்டத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டார் என்பதை வீட்டில் பெரியவர்கள் மறக்கவே இல்லை. குட்டி என்று சொன்னாலும் பரவாயில்லை, பார்த்தாரே என்கிறார்கள்.

அந்தக் கூச்சலில் பெரும்பகுதி ஒரு கண்டித் தமிழனுக்குக் கிடைத்தது.

முத்தையா முரளிதரனின் தாத்தா தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அப்பா குண்டசாலைப் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலை வைத்தார். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை தாக்கப்பட்டதையும் அப்பா வெட்டுப்பட்டதையும் முரளியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு ஐந்து வயது. கிரெய்கின் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்ட அதே வருடம், எங்கள் ஊரில் இது நடந்தது.

1995 டிசம்பர் 26, மெல்பர்ன். நடுவர் டெரல் ஹெயார் முரளியின் பந்தை ஏழு தடவை நோபோல் என்றார். அதைச் சேனல் நைன் காட்டியது. மெதுவாக ஓடவிட்டு, முழங்கையை நெருங்கி, திரும்பத் திரும்பக் காட்டியது. பக்கரும் கிரெய்கும் சேர்ந்து கிரிக்கெட்டுக்குள் கொண்டுவந்த கமெராக்கள்தான் ஒரு பையனின் கையை உலகம் முழுக்க விசாரணைக் கூண்டில் ஏற்றின. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் நடந்த பரிசோதனைகளில், அதைவிட வேகமான கமெராக்கள், பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத அந்த முழங்கை கண்ணுக்கு எறிவது போலத் தோன்றுகிறது என்று காட்டின. பிறகு அளந்து பார்த்தால் உலகத்தில் பந்து போடுகிற கிட்டத்தட்ட எல்லாருடைய கையும் கொஞ்சம் மடங்கி நிமிர்கிறது. 2005இல் ஐசிசி எல்லாருக்கும் 15 பாகை என்று விதியை மாற்றியது. குற்றம் சாட்டியதும் கமெரா, விடுவித்ததும் கமெரா. நடுவில் பத்து வருடம் அந்த மனுசன் ஒவ்வொரு ஓவரையும் அந்தச் சத்தத்துக்குள் போட்டிருக்கிறார்.

2004 மார்ச்சில் அஸ்கிரியவில் கஸ்ப்ரோவிச்சின் விக்கெட்டோடு முரளிக்கு 500. 2007 டிசம்பர் 3, அதே அஸ்கிரியவில் கொலிங்வுட்டை போல்ட் ஆக்கி 709. வோர்னின் சாதனை முறிந்தது. கட்டுகஸ்தோட்டையில் படித்த பையன், பக்கத்துப் பள்ளியான திரித்துவக் கல்லூரியின் மைதானத்தில், அப்பா அம்மா ஊரில். அஸ்கிரியவில் நடந்த கடைசி டெஸ்டும் அதுதான். பிறகு பல்லேகலை கட்டினார்கள். 2010இல் அதற்கு முரளியின் பெயரை வைக்க மத்திய மாகாண சபை தீர்மானித்தது. இன்றைக்கும் டிவியில் பல்லேகலை என்றுதான் வருகிறது, நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

இந்த இடத்தில்தான் எங்கள் சண்டை சூடானது. இந்த ஊர்த் தமிழன் செய்த காரியத்தை எங்களுக்குத் தமிழில் யார் சொன்னார்கள்? எங்கள் வீட்டு டிவிகளில் ஆங்கிலமும் சிங்களமும் மாறி மாறி வரும். தமிழுக்கு ரேடியோச் செய்தியின் கடைசியில் ஸ்கோர். கடலுக்கு அந்தப் பக்கம் அகில இந்திய வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் நேர்முக வர்ணனை செய்தார், 2020 டிசம்பரில் காலமானார். அவர் குரலை யூடியூபில் தேடிக் கேட்டபோதுதான் 'ஓஃப் திசையில்', 'பந்து எல்லைக்கோட்டை நோக்கி' என்பதெல்லாம் காதுக்கு இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரிந்தது. தமிழ் விளையாட்டுச் சேனல் இந்தியாவில் 2017இல் வந்தது. முரளி டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியிருந்தது. 800 என்று படம் வந்தபோது அதைப் பார்க்கலாமா கூடாதா என்று விடுதியில் நடந்த விவாதம் வேறு கட்டுரை.

கிரெய்க் போருக்குப் பிறகு இலங்கைச் சுற்றுலாவுக்கும் முகமாக இருந்தார். கடற்கரை, தேயிலை மலை, சிரிக்கிற சனம் என்று மனசாரப் புகழ்ந்தார். அந்தப் படங்களில் வருகிற பச்சை மலைகளில் கொழுந்து பறிக்கிற பெண்கள் யார், எவ்வளவு சம்பளம் என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அது அவருடைய வேலை இல்லை என்று ஒருவன் சொன்னான். 2011இல் லோட்ஸ் மைதானத்தில் கவுட்ரி நினைவுரை ஆற்றிய குமார் சங்கக்கார, 83 ஜூலையில் கண்டியில் தன் பெற்றோர் 35 தமிழர்களை வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதைச் சொன்னார். கிரிக்கெட் பேச்சில் அதற்கு இடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வருடம் அதே மேடையில் அதே உரையை ஆற்றியவர் டொனி கிரெய்க். இந்திய கிரிக்கெட் சபை பணத்தைப் பார்க்கிறது, ஆட்டத்தின் ஆன்மாவைப் பார்க்கவில்லை என்று சாடினார். பக்கரின் ஆள் இதைச் சொல்வதா என்று சிலர் சிரித்தார்கள். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சொன்னது பிழை என்றும் சொல்ல முடியவில்லை.

2012 செப்டெம்பரில் இருபதுக்கு20 உலகக் கிண்ணத்துக்காக இலங்கை வந்தார். மாதக்கணக்காக இருமல் இருந்தது. திரும்பிப் போனதும் நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியானது. டிசம்பர் 29ஆம் திகதி சிட்னியில் இறந்தார், வயது 66. அப்போது அவுஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தது இலங்கை அணி. ஜனவரி 3ஆம் திகதி சிட்னி டெஸ்ட் தொடங்குமுன் இரண்டு அணியும் வரிசையாக நின்றது. ஸ்டம்புகளின் மேல் அவருடைய அந்தத் தொப்பியை வைத்திருந்தார்கள். எங்களுக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. எங்களில் ஒருவனுக்கு மட்டும் அந்தக் காலை ஞாபகம் இருக்கிறது. அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினாராம், ஆனால் ஒரு சத்தமும் வரவில்லையாம்.

புசல்லாவைத் தாத்தா இப்போது மகன் வீட்டில், கண்டி டவுனில் இருக்கிறார். கலர் டிவி இருக்கிறது, தமிழ் வர்ணனையும் வருகிறது. போன மாதம் போய்ப் பார்த்தோம். ரொம்பப் பேசுறானுங்க என்றார், ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு மேட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் 96ஐப் பெட்டரி டிவியில் பார்த்த ஆட்கள் இருப்பார்கள். எந்தத் தோட்டம், யார் வீட்டு டிவி, எத்தனை பேர் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். பழைய விஎச்எஸ் கசெட் இருந்தால் தூக்கி எறியாமல் எங்களிடம் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம்.